வரைபடத்தில் இல்லாத முற்றம்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலையின் இருமருங்கிலும் எழுந்துள்ள தொழிற்சாலைகளைப் பற்றிய விவாதங்களில், கையகப்படுத்தப்பட்ட பட்டா நிலமும் அதற்கு வழங்கப்பட்ட இழப்பீடும் தவறாமல் இடம்பெறுகின்றன. பட்டா இல்லாமல் ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் தலைமுறைகளாகக் குடியிருந்த இருளர்களின் குடியிருப்பு அமைப்பு என்னவாயிற்று என்ற கேள்வி எழுவதே இல்லை.

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு இனங்களுள் ஒன்றான இருளர்கள், வடமாவட்டச் சமவெளியில் வயலையும் ஏரியையும் சார்ந்தே வாழ்ந்தனர். எலி பிடிப்பதும், வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெல்லைத் தோண்டி எடுப்பதும், மீன் பிடிப்பதும் பிழைப்பாக இருந்ததால், குடிசைகள் அந்த வேலை நடக்கும் இடத்தை ஒட்டியே அமைந்தன. மண்சுவர், குனிந்து நுழையும் வாசல், ஓலைக்கூரை, வெளியே அடுப்பு என நாலைந்து உறவுக் குடும்பங்கள் ஒரு பொதுமுற்றத்தைச் சுற்றி வாழும்; சற்றுத் தள்ளி மரத்தடியில் அவர்கள் வழிபடும் கன்னியம்மன் இருப்பாள். தெரு என்ற ஒன்று இவ்வமைப்பில் இல்லை. இதை இயற்கையோடு இயைந்த வாழ்வென்று மெச்சுவது எளிது. ஆனால் ஊருக்குள் இடம் மறுக்கப்பட்டதும், தோப்புக்காவலுக்காக நிலக்காரர் காட்டிய இடத்தில் தங்க நேர்ந்ததும் அக்குடிசைகள் சிதறிக் கிடந்ததற்குக் காரணங்கள் என்பதை மறைக்க இயலாது.

வயல்கள் சிப்காட் தொழில் வளாகமாகவும் வீட்டுமனைப் பிரிவாகவும் மாறியபோது எலிவேட்டையும் காவல்வேலையும் ஒருசேரக் குறைந்தன. எஞ்சிய ஏரிக்கரையிலும் காலூன்ற முடியாதபடி, ஏரிப் புறம்போக்கில், அதாவது ஏரிக்கென வருவாய்ப் பதிவேட்டில் குறிக்கப்பட்ட அரசு நிலத்தில், குடிசை போட்டவரை 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பாளராகக் கருதுகிறது. ஏரிகளைக் காக்க அச்சட்டம் தேவை என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரே ஏரியின் வரத்துக்கால்வாயைத் தூர்த்து மனைபோட்டு விற்றவருக்கும் கரையில் ஓலைக்குடிசை வேய்ந்தவருக்கும் ஒரே பெயரைச் சூட்டுவது நியாயமாகாது.

மாற்றாகக் கட்டித் தரப்படும் தொகுப்பு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. மத்திய அரசின் ஊரக வீட்டுவசதித் திட்டம் ஒரு வீட்டின் குறைந்தபட்சப் பரப்பை 25 சதுர மீட்டர் என வகுத்துள்ளதேயன்றி, வீடுகளுக்கிடையே இருக்க வேண்டிய பொதுவெளியை வகுக்கவில்லை. கான்கிரீட் சுவர் மழைக்கும் தீக்கும் பாதுகாப்பு என்பதால் மக்கள் அதை விரும்பியே ஏற்கின்றனர். ஏற்றபின், வாசலில் கீற்றுக் கொட்டகை இறக்கி, விறகடுப்பையும் பகல்பொழுதையும் அங்கே மாற்றிக்கொள்கின்றனர். பழக்கம் விடவில்லை என்று இதை ஒதுக்குவோர், அக்கொட்டகையைக் கட்டட வரைபடத்தின் மீது குடியிருப்பவர்கள் செய்த திருத்தமாகப் படிப்பது நல்லது. தம் இருப்பிடத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் இதே வழக்கத்தை வேறோரிடத்திலும் காணலாம்: மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் திரளும் இருளர்கள், மணலில் தாமே குடில் அமைத்துத் தங்கிக் கன்னியம்மனை வழிபடுகின்றனர். அங்கே மனை எண் போட்டு ஒதுக்கித் தர எவரும் இல்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் அடுத்துக் கட்டப்படும் இருளர் குடியிருப்புகளுக்கேனும், வரைபடம் ஒப்புதல் பெறுமுன் அக்குடும்பங்களைக் கூட்டி, எந்த வீட்டுக்கு அருகில் எந்த வீடு, அடுப்பு எங்கே, கன்னியம்மனுக்கு எந்த மூலை என்று கேட்டு வரைவதோடு, பொதுமுற்றத்தையும் பட்டாவில் சேர்த்துத் தர வருவாய்த்துறையும் ஊரக வளர்ச்சித்துறையும் முன்வர வேண்டும்.