உபாத்தியாயர் வேலைக்கு ஏன் வருகிறார்கள்?

வருஷா வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி வந்துவிட்டால் நம் நாட்டில் ஒரு கூத்து நடக்கிறது. டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த நாளை 1962 முதல் ஆசிரியர் தினமென்று கொண்டாடி வருகிறார்கள். கொண்டாடட்டும், அதில் நமக்குத் தகராறில்லை. ஆனால் அன்றைய மேடைகளில் மந்திரி முதல் பள்ளிக்கூடத் தாளாளர் வரை ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள். உபாத்தியாயர் வேலை உத்தியோகமல்லவாம், தெய்வத் தொண்டாம். பணத்தை நினைத்து அதற்கு வரக்கூடாதாம். அக்காலத்துக் குருமார்களைப் போல் தியாக புத்தியோடு வரவேண்டுமாம்.

அக்காலத்துக் குரு யார்? இவர்கள் முதலில் சொல்லும் பெயர் துரோணாச்சாரி. அவர் எதற்காக வாத்தியார் வேலைக்கு வந்தார் என்பதை இவர்களுடைய பாரதத்தைக் கொண்டே பார்ப்போம். வீட்டிலே தரித்திரம். பிள்ளை அசுவத்தாமன் பாலுக்கு ஆசைப்பட, மற்றப் பிள்ளைகள் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பரிகாசம் செய்தார்கள். பழைய சிநேகிதன் துருபதனிடம் போனால், அவன் அவமானப்படுத்தி அனுப்பினான். அதன் பிறகுதான் அஸ்தினாபுரத்தில் பீஷ்மர் கொடுத்த வேலை. பாடம் முடிந்ததும் சீடர்களிடம் கேட்ட தட்சிணை, துருபதனைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்பது. ஆகவே குருவானவர் வந்த நோக்கம் ஒன்று வயிறு, மற்றொன்று பழி. இதில் தெய்வத் தொண்டு எங்கே இருக்கிறது?

வயிற்றுக்காக வந்ததை நாம் குற்றமென்று சொல்லவில்லை. பசித்தவன் வேலை தேடுவது நியாயமே. ஆனால் வேடர் குலத்து ஏகலைவனுக்குச் சொல்லிக்கொடுக்க மறுத்து, அவன் தானே கற்றுக்கொண்ட பிறகு, தான் கற்றுக்கொடுக்காத வித்தைக்கு அவன் கட்டை விரலைக் கூலியாக வாங்கினாரே, அதுதான் குற்றம். இந்த யோக்கியர் பெயரால்தான் 1985 முதல் விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு இந்திய சர்க்கார் விருது கொடுக்கிறது. பழங்குடிப் பிள்ளைகளுக்கு அதே சர்க்கார் நடத்தும் உண்டுறைப் பள்ளிகளுக்கோ ஏகலைவன் பெயர். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

இன்று நம் கிராமங்களில் யார் இந்த வேலைக்கு வருகிறார்கள்? விவசாயக் கூலியின் மகன், நெசவாளியின் மகள், குடும்பத்தில் முதல் முதலாகப் பரீட்சை தேறியவர்கள். டாக்டர் படிப்புக்கு லட்சக் கணக்கில் பணம் வேண்டும். வக்கீலாக வேண்டுமானால் பெரிய இடத்துப் பழக்கம் வேண்டும். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கி, வெள்ளைச் சட்டை போட்டு, ஊரார் எழுந்து நின்று கும்பிடும்படி இருந்த மனிதரென்று அந்தப் பிள்ளை கண்ணால் கண்டது பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைத்தான். கடன் அடையும், தங்கைக்குப் படிப்பு நடக்கும், மானத்தோடு இருக்கலாம் என்று வருகிறார்கள். இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

வெட்கப்பட வைப்பதில் லாபமிருக்கிறது, தோழர்களே! நம் தமிழ்நாட்டில் 2009 மே 31 வரை வேலையில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். அதே வகுப்பு, அதே பாடம், அதே சாக்குக்கட்டி. இது என்ன நியாயமென்று அவர்கள் தெருவில் உட்கார்ந்து கேட்டபோது, "புனிதமான தொழிலில் இருந்துகொண்டு பணத்துக்குப் போராடலாமா?" என்றார்கள் கனவான்கள். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 1,70,000 பேரை வீட்டுக்கு அனுப்பியபோதும் இதே உபதேசந்தான். கடவுளுக்கே பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் அர்ச்சகர் தட்டை நீட்டும்போது, புனிதத் தொழிலுக்குக் காசு எதற்கு என்று இந்தக் கனவான்களில் ஒருவராவது கேட்டதுண்டா?

பெண்கள் விஷயத்தில் இந்தப் புரட்டு இன்னும் மோசம். "டீச்சர் வேலைதான் பெண்ணுக்கு லட்சணம்" என்கிறார்கள். என்ன லட்சணம்? சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டலாம், பிள்ளைகளுக்கு லீவு விட்டால் தானும் வீட்டில் இருக்கலாம், இவ்வளவுதான். அவளுடைய விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. 1912-இல் சகோதரி சுப்பலட்சுமி அம்மையார் சென்னையில் பார்ப்பன விதவைப் பெண்களைச் சேர்த்துப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினார். தாமும் குழந்தைப் பருவத்தில் தாலியறுத்தவர். அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் அந்தப் பெண்களைப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளியது எது? மறுமணம் கூடாதென்ற சாஸ்திரமும், மொட்டையடித்து மூலையில் உட்கார வைத்த வழக்கமும் அல்லவா?

உண்மையான தியாகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் புனாவுக்குப் போங்கள். 1848-இல் சாவித்திரிபாய் பூலே பெண்களுக்குப் பாடம் சொல்லப் போனபோது சேற்றையும் சாணியையும் அவர்மேல் வீசினார்கள்; மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துப் போனார் அம்மையார். வீசியவர்கள் யார்? குருவைத் தெய்வமென்று கும்பிட்ட கூட்டந்தான்!

ஆகவே வேலைக்கு வருகிறவரைப் பார்த்து, பணத்துக்கா சேவைக்கா என்று கேட்பது பயனற்ற கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி வேறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஆதிதிராவிட மாணவன் ஒருவனை உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் சாதி எப்படி நுழைகிறதென்று ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை சர்க்கார் நியமித்தது. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போதே சமூக நீதியில் அவருடைய மனப்பான்மை என்ன என்பதைப் பார்க்க வேண்டும், ஓர் ஊரில் மிகுந்திருக்கும் சாதிக்காரரையே அந்த ஊர்த் தலைமையாசிரியராகப் போடக்கூடாது என்றெல்லாம் 2024-இல் அவர் எழுதிக் கொடுத்தார். உடனே குதித்தவர்கள் யாரென்று பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். எந்தப் பிள்ளையைத் தொட்டால் கை கழுவுவீர், எந்தப் பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பீர் என்று கேட்டுவிட்டு வேலை கொடுங்கள். சம்பளத்தை முழுசாகக் கொடுங்கள். தட்சிணை வேண்டாம்.