காவடியை யார் சுமப்பது?

உழைக்கும் தமிழ்க் குடும்பங்களே!

எங்கள் தாராவிச் சந்தில் ஒரு மூதாட்டி. நாற்பது ஆண்டுகள் விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, தலையில் சுமந்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். இன்று பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அவரைத் தூக்கி உட்கார வைக்கவும், துடைத்து விடவும், ஊட்டவும் ஆள் வேண்டுமே! மருமகள் வீட்டுவேலைக்குப் போவதை நிறுத்தினார். ஒரு சம்பளம் போயிற்று. வட்டிக் கடன் வந்தது. "பெற்றவளைப் பார்ப்பது பிள்ளையின் கடமை, இதில் அரசாங்கம் என்ன செய்யும்?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள்.

அங்கேதான் நாம் ஏமாறுகிறோம்!

மகாராஷ்டிர அரசின் முதியோர் உதவித் திட்டத்துக்குச் 'சிராவண்பாள்' என்று பெயர். கண்ணிழந்த பெற்றோரைக் காவடியில் வைத்துச் சுமந்த புராண மகனின் பெயர் அது. பொருத்தமான பெயர்தான்! காவடியை மகன் தோளிலேயே விட்டுவிட்டு அரசு கைவீசி நடக்கிறது.

நிபந்தனைகளைப் பாருங்கள். வயது 65. இம்மாநிலத்தில் 15 ஆண்டு வசித்ததற்குச் சான்று. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 21,000 ரூபாய்க்குள். அதாவது, நாளொன்றுக்கு 58 ரூபாய்கூட இல்லை! வீட்டில் ஒருவர் கூலிக்குப் போனாலே இந்த வரம்பு தாண்டிவிடுமே! குடிசை இடிபட்டு, சாமான்களோடு காகிதங்களையும் இழந்தவன் 15 ஆண்டுச் சான்றுக்கு எங்கே போவான்? இத்தனையும் தாண்டினால் கிடைக்கும் மாதத் தொகை, 2023-இல் 1,500 ரூபாய் ஆக்கப்பட்டது. மத்திய அரசோ, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு 80 வயதுவரை மாதம் 200 ரூபாய்தான் தருகிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அதே 200!

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தையும் படியுங்கள். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை என்கிறது. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேர் தங்கும் முதியோர் இல்லம் என்று வரும்போது, மாநில அரசு 'அமைக்கலாம்' என்கிறது! பிள்ளைக்குச் சிறை, அரசுக்குச் சலுகை! இதுவா நீதி?

பெற்றோரைத் தவிக்கவிடும் பிள்ளைகளுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. வைத்துக் காப்பாற்றத் துடிக்கும் ஏழைப் பிள்ளைக்குத் துணை எங்கே என்பதே கேள்வி. 'குடும்பக் கடமை' என்று மேடையில் முழங்குகிறார்களே, அந்தக் கடமை உண்மையில் ஒடிப்பது மருமகளின், மகளின் முதுகை அல்லவா!

ஆயினும், இருப்பதை விடலாமா? கூடாது. 70 வயது நிரம்பிய யாவருக்கும், வருமான வரம்பின்றி, 2024 முதல் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம்வரை மருத்துவமனைச் சிகிச்சை. ஆதாரைக் காட்டி உடனே எடுங்கள். 65 வயதுக்குக் குறைந்த ஏழை விதவையரும், பக்கவாதம் போன்ற நோயால் முடங்கியோரும் சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். இதற்கும் சிராவண்பாளுக்கும் தாசில்தார் அலுவலகத்தையே அணுக வேண்டும். சோறு போடாத பிள்ளைமீது பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வக்கீல் தேவையில்லை. முதியவரால் இயலாவிட்டால் அவர் அனுமதித்த ஒருவர் கொடுக்கலாம். வழி தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

நம் சங்கங்களுக்கும் ஒரு கேள்வி. பொங்கல் விழாவில் தலைவர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் பணத்தில், ஞாயிறுதோறும் ஒரு மேசை போட்டு மராத்திப் படிவம் நிரப்பித் தர முடியாதா? மனு கொடுத்த கையோடு ரசீது வாங்கி வைக்கவும், மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கவும் கூடச் செல்ல நான்கு இளைஞர்கள் இல்லையா?

21,000 வரம்பை உயர்த்து! வீட்டில் கிடக்கும் நோயாளியைப் பார்ப்பவருக்கு உதவித்தொகை கொடு! இடிபட்ட குடிசைக்காரனிடம் பழைய காகிதம் கேட்காதே, வாக்காளர் பட்டியலைப் பார்! இவையே நம் கோரிக்கைகள்.

இந்த நகரத்தின் குப்பையை அள்ளியவர்கள், தோல் பதனிட்டவர்கள், மூட்டை சுமந்தவர்கள் நாம். நாம் கேட்பது பிச்சையல்ல. காவடிக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கத்தை அரசு பிடிக்கட்டும்!