ஓடாத இன்ஜினுக்கு ஒப்பாரி எதற்கு?

ஜெனரேட்டர் நின்றிருக்கும்போது அதன் ஆயில் பிரஷர் பூஜ்யமாகத்தான் இருக்கும். இன்ஜின் சுற்றினால்தானே ஆயில் பம்ப்பும் சுற்றும்? ஐடிஐ முதலாண்டுப் பையனுக்குத் தெரிந்த சங்கதி இது. எங்கள் மில்லில் லட்சக்கணக்கில் கொட்டி மாட்டிய கண்காணிப்பு மென்பொருளுக்கு மட்டும் தெரியவில்லை. கரண்ட் வந்து ஜெனரேட்டர் நின்றதும், 'ஆயில் பிரஷர் லோ' என்று மெயின்டனன்ஸ் ஆட்கள் அத்தனை பேர் போனையும் அலற விடுகிறது. அடுப்பே பற்ற வைக்காத வீட்டில் உலை கொதிக்கவில்லை என்று ஊரைக் கூட்டினால் எப்படி?

நாங்கள் கேட்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இன்ஜின் ஓட வேண்டும். ஸ்டார்ட் ஆகிப் பத்துப் பதினைந்து நொடி போயிருக்க வேண்டும். அப்புறமும் பிரஷர் குறைவாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் மட்டும் கத்து. ஜெனரேட்டரோடு வந்த கண்ட்ரோலர் பெட்டி இதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டுதான் இருக்கிறது.

டெமோ அன்று, "கம்பைன்டு அலாரமா? தாராளமா போட்டுக்கலாம் சார்" என்றார்கள். போட உட்கார்ந்தால்தான் வண்டவாளம் தெரிகிறது. சேர்க்கும் சிக்னல்கள் எல்லாம் ஒரே கருவியிலிருந்து வர வேண்டுமாம். எங்களுக்கோ ஆயில் பிரஷர் ஒரு பெட்டியிலிருந்து வருகிறது, இன்ஜின் ஓடுகிறதா என்பது பேனல் மீட்டரிலிருந்து வருகிறது. 'அண்ட்', 'ஆர்' இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் தொடலாம். அடைப்புக்குறி போட்டுக் கலக்க வழியில்லை. சரி, எல்லா அளவும் ஒரே கருவி வழியாக வரும் கம்ப்ரஸருக்காவது பேரிங் சூடும் அதிர்வும் சேர்ந்து ஏறினால் சொல்லட்டும் என்று வைத்தோம். சூட்டின் அளவு நொடிக்கு நொடி வருகிறது. அதிர்வு சென்ஸார் பேட்டரியில் ஓடுவதால் மணிக்கு ஒரு தரம்தான் வாய் திறக்கும். இரண்டு அளவும் ஒரே நொடியில் வந்து விழுந்தால்தான் கணக்கில் சேர்க்குமாம்! தப்பித் தவறி அடித்தாலும், 'காம்போசிட் அலாரம் 4 ஆக்டிவ்' என்று ஒரு வரி. எந்த மிஷின், என்ன கோளாறு? லாகின் செய்து துழாவ வேண்டியது நம் தலையெழுத்து.

வேண்டாத அலாரங்கள் குவிவது விளையாட்டுக் காரியமா? 1994 ஜூலை 24 அன்று வேல்ஸ் நாட்டு மில்ஃபோர்டு ஹேவனில் டெக்ஸாகோ சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. அதற்கு முந்தைய 11 நிமிடங்களில் வந்தவை 275 அலாரங்கள். கவனிக்க இருந்தவர்கள் இரண்டே ஆபரேட்டர்கள். பின்னால் வந்த ஈ.இ.எம்.யூ.ஏ. 191 என்ற வழிகாட்டி, ஒரு ஆபரேட்டருக்குச் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. ஒரு பவர்கட் முடிந்தால் எங்கள் போன்களில் வந்து குவிவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நைட் ஷிப்ட் எலக்ட்ரீஷியனைக் கடிந்துகொள்ளவும் மனசு வரவில்லை. "ஏனுங்க சார், அதை மியூட்ல போட்டாத்தானுங்க வேலையவே பார்க்க முடியுது" என்கிறார். மென்பொருள்காரர்களிடம் முறையிட்டால், "வெவ்வேறு கருவிகளைச் சேர்க்கிறதுக்குத் தனி மாட்யூல் இருக்கு சார், லைசென்ஸ்தான் தனியா வாங்கணும்" என்று பதில். கொட்டேஷனும் வந்துவிட்டது. ஜிஎஸ்டி தனியாம்.