முறையின் வைப்பு

நுழையும்முன்

மேனிலைப் பள்ளி மாணவர், தாம் கண்டதையும் ஆராய்ந்ததையும் கணினியில் தட்டச்சு செய்து அறிக்கையாக ஒப்படைக்கும் காலம் இது. பக்க ஓரம், உள்தலைப்பு, அட்டவணை, துணைநூற்பட்டியல் என அறிக்கைக்குப் பல ஒழுங்குகள் விதிக்கப்படுகின்றன. அவை எதற்காக விதிக்கப்படுகின்றன என்பது அரிதாகவே எடுத்துச் சொல்லப்படுகிறது. அறிக்கையின் வடிவத்தைக் காரணத்தோடு கற்பிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

ஒப்பனையும் ஒழுங்கும்

ஒப்படைப்பு நாள் நெருங்கும்போது சிற்றூர்க் கடைத்தெருக்களில் ஒரு காட்சியைக் காணலாம். மாணவர் தாம் கையால் எழுதிய தாள்களைக் கணினி மையத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பர். எழுத்துருவையும் எழுத்தின் அளவையும் மையத்தில் இருப்பவரே தேர்ந்தெடுப்பார். பூங்கரையிட்ட முகப்பு ஒன்றை இணைப்பார். ஸ்பைரல் கட்டி முடித்து நீட்டுவார். அறிக்கை அழகாகவே இருக்கும். ஆயினும், அதன் எந்தப் பக்கம் ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை எழுதிய மாணவர் அறியார். அந்த அழகுக்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிட்டால், வடிவம் என்பது விலைக்குக் கிடைக்கும் ஒப்பனை என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றிவிடுகிறது.

இவ்வெண்ணம் பிழையானது. அறிக்கையின் வடிவம் வாசகருக்கு வழிகாட்டுகிறது. எழுதியவர் தம் சொல்லுக்குப் பொறுப்பேற்றிருப்பதையும் காட்டுகிறது.

தமிழ் மரபு காட்டும் வழி

நூலுக்கு வடிவம் வேண்டும் என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் இடம்பெற வேண்டிய செய்திகளை வகுத்துரைக்கிறது. நூலின் பெயர், இயற்றியவர், நுதலிய பொருள், அது பின்பற்றிய வழி, யாருக்காக எழுதப்பட்டது, கற்பதனால் விளையும் பயன் என்பன அவற்றுள் அடங்கும். இன்றைய ஆய்வறிக்கையின் தலைப்புப் பக்கமும் முன்னுரையும் தரும் செய்திகளோடு இவை பெரிதும் ஒத்துள்ளன. நூலுக்குரிய பத்து அழகுகளுள் ஒன்றாக நன்னூல் ‘முறையின் வைப்பு’ என்பதைக் குறிக்கிறது. குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் அது குற்றங்களுள் சேர்க்கிறது.

சான்று காட்டும் வழக்கமும் தொன்மையானதே. தொல்காப்பியர் இலக்கணம் கூறும்போது ‘என்ப’, ‘மொழிப’ என முன்னோர் கூற்றைச் சுட்டிச் செல்கிறார். தாம் கூறுவன அனைத்தும் தம் கண்டுபிடிப்பே எனக் காட்டிக்கொள்ளாத புலமை நேர்மை அச்சொற்களில் உள்ளது. அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும் அந்நேர்மையின் இன்றைய வடிவங்கள்.

ஓர் எண்ணின் வரலாறு

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில், மதுரை மாவட்டத்தின் வடபகுதியில் அமைந்தது கொட்டாம்பட்டி. அதனருகில் உள்ள கருங்காலக்குடிக் குன்றில் சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்துப் பொறிப்பும் உள்ளன. அதே மேலூர் வட்டாரத்தில், அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய சிற்றூர்களில் 193.215 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

கொட்டாம்பட்டி மாணவர் ஒருவர் இக்குன்றுகளைப் பற்றி அறிக்கை எழுதுவதாகக் கொள்ளலாம். தலத்தின் பரப்பை ‘சுமார் 200’ என அவர் எழுதி, அலகைக் குறிக்காது விட்டால், வாசகர் அதனை ஏக்கர் எனவும் கொள்ளக்கூடும். 193.215 ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 477 ஏக்கர். அலகு எழுதப்படாத ஓர் எண், காக்கப்பட்ட நிலத்தில் பாதிக்கு மேல் இல்லாமற் செய்துவிடும்.

இது கற்பனை அச்சமன்று. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு வெளியானபோது, இவ்வூர்களின் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஏலப் பகுதியின் மொத்தப் பரப்பு 2,015.51 ஹெக்டேர் என்றும், அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பாரம்பரியத் தலம் என்றும் நடுவண் சுரங்க அமைச்சகம் குறிப்பிட்டது. 2025 ஜனவரி 23 அன்று அந்த ஏலம் விலக்கிக்கொள்ளப்பட்டது. மக்களின் உறுதியே அதில் முதன்மையானது. எனினும், எந்த ஊரில், எவ்வளவு பரப்பு, எந்த ஆண்டின் அறிவிப்பால் காக்கப்படுகிறது என்பது ஆவணத்தில் தெளிவாக இருந்ததனால்தான் இருதரப்பும் ஒரே எண்ணை முன்வைத்துப் பேச முடிந்தது. தம் ஊரைப் பற்றித் தாமே சான்றோடு எழுதத் தெரிந்த தலைமுறை, தம் ஊருக்காகப் பேசவும் வல்லதாகும்.

விதியும் காரணமும்

வடிவ விதிகளை மனப்பாடமாகக் கற்பித்தால் அவை தேர்வோடு மறையும். காரணத்தோடு கற்பித்தால் நிலைக்கும். தாளின் இடப்பக்க ஓரம் ஏன் சற்று அகலமாக இருக்க வேண்டும்? கட்டும்போது எழுத்துகள் கட்டுக்குள் மறையாதிருக்கவே. வரிகளுக்கிடையே ஒன்றரை இடைவெளி ஏன்? தமிழில் ‘கி’, ‘கீ’ போன்ற எழுத்துகள் மேலும், ‘சு’, ‘பூ’ போன்றவை கீழும் நீள்வதால், நெருங்கிய வரிகள் கண்ணை வருத்தும். இருபுறமும் நேராகச் சீரமைத்த பத்தி, சொற்கள் நீண்ட தமிழில் இடையிடையே பெரும் வெற்றிடங்களை உண்டாக்கும். அவ்வாறு நேரின், இடப்பக்கம் மட்டும் சீரமைப்பதே நன்று.

உள்தலைப்பைக் கையால் பெரிதாக்கித் தடித்த எழுத்தாக மாற்றுவது எளிது. ஆனால், ரைட்டர் போன்ற மென்பொருளில் அதனைத் ‘தலைப்பு’ என்னும் பாணியாகக் குறித்தால், பொருளடக்கத்தை மென்பொருளே உருவாக்கும். பக்க எண் மாறினால் அதனைப் புதுப்பித்தும் தரும். அட்டவணைக்கு எண்ணும் தலைப்பும், நிழற்படத்திற்கு இடமும் நாளும் குறிக்கப்பட்டால், வாசகர் அவற்றைத் தாமே சரிபார்க்க இயலும்.

எழுத்துரு பற்றிய தேர்வு இவை எல்லாவற்றினும் இன்றியமையாதது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். ஒருங்குறியில் எழுதியதோ எங்கும் தமிழாகவே திறக்கும், தேடினால் கிடைக்கும். மாணவரின் உழைப்பு ஒரு கணினிக்குள் அடங்கிப்போகாமல் காப்பது ஒருங்குறியே.

தெரியுமா?

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணையம் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகை ஏற்கப்பட்டது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. 2010 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது.

எதிர்வாதங்கள்

கருத்து இருந்தால் போதும். வடிவம் எதற்கு என்பர் சிலர். கருத்தே முதன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும், எங்கிருந்து பெறப்பட்டது எனத் தெரியாத கருத்தையும், எங்கே உள்ளது எனத் தேடிக் களைக்க வேண்டிய கருத்தையும் வாசகர் எவ்வாறு மதிப்பிடுவார்?

சிற்றூர் மாணவர் அனைவர்க்கும் கணினி எளிதில் கிட்டுவதில்லை என்பது வலுவான வாதம். பள்ளி ஆய்வகத்தில் ஒரு கணினியைப் பலர் பகிர வேண்டியுள்ளது, மின்தடையும் உண்டு. இந்நிலையில், முகப்பின் பளபளப்புக்கு மதிப்பெண் அளிப்பது வசதியுள்ளோர்க்கே பரிசளிப்பதாகும். எனவே, வடிவத்தின் அடிப்படையைத் தாளிலேயே கற்பிக்க வேண்டும். பகுதிகளை வரிசைப்படுத்தல், தலைப்பிடல், அட்டவணை வரைதல், சான்று குறித்தல் ஆகியவற்றுக்கு எழுதுகோல் போதும். அவற்றை அறிந்தவர்க்குக் கணினியில் கழிக்கும் ஒரு மணி நேரமும் பயன் தரும்.

தமிழ்நாட்டின் தட்டச்சுப் பயிலகங்கள் இதற்கு நல்ல முன்னோடிகள். அரசுத் தட்டச்சுத் தேர்வு வேகத்தை மட்டும் சோதிப்பதில்லை; கடிதத்தையும் அட்டவணையையும் உரிய வடிவில் அமைக்கும் திறனுக்கும் தனித்தாள் உண்டு. தட்டச்சுப் பொறியில் பிழை நேர்ந்தால் பக்கம் முழுவதையும் மீண்டும் அடிக்க வேண்டியிருந்ததால், மாணவர் முதலில் திட்டமிட்டுப் பின்னரே விசையில் விரல் வைத்தனர். அந்தப் பழக்கம் கணினிக் காலத்திலும் தொடர வேண்டும்.

செய்ய வேண்டியது

ஓர் அறிக்கையை மூன்று முறை ஒப்படைக்கச் செய்யலாம். முதன்முறை பகுதிகளின் வரிசையையும், இரண்டாம் முறை சான்றுகளையும், மூன்றாம் முறை தட்டச்சு வடிவத்தையும் ஆசிரியர் திருத்தலாம். வகுப்புத் தோழர் ஒருவரிடம் அறிக்கையைக் கொடுத்து, ‘தலத்தின் பரப்பு எவ்வளவு? அதனைக் கூறியவர் யார்?’ என்னும் வினாக்களுக்கு ஒரு நிமிடத்தில் விடை காணச் சொல்லலாம். அவர் கண்டுவிட்டால் வடிவம் வெற்றி பெற்றது. பக்கங்களைப் புரட்டித் தடுமாறினால், முகப்பு எத்துணை அழகாயினும் அறிக்கை திருத்தத்திற்கு உரியது.

குன்றில் எழுத்துப் பொறித்தவர்கள் யாவரையும் எண்ணியே பொறித்தனர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அதனைப் படிக்க முடிகிறது. கொட்டாம்பட்டி மாணவர் தட்டச்சு செய்யும் அறிக்கையும் முகமறியாத ஒரு வாசகரைச் சென்றடையலாம். அவரை மனத்தில் வைத்து எழுதக் கற்பிப்பதே வடிவக் கல்வியின் நோக்கமாதல் வேண்டும்.