பழைய ஆண்டுமலரில் ஒரு முகம்



மறைந்த தந்தையின் இளமைக்கால நிழற்படம் ஒன்றேனும் எங்காவது கிடைக்குமா என்று நம்மிடம் கேட்போர் உண்டு. அவர்களுள் ஈழத்திலிருந்து வந்த குடும்பத்தினரே மிகுதி. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேறியபோது பிள்ளைகளையும் கைக்கு எட்டிய சில பொருள்களையும் எடுத்துக்கொண்டனர். சுவரில் தொங்கிய படத்தைக் கழற்ற யாருக்கு நேரம் இருந்தது? தாத்தாவின் முகத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வீட்டில் ஒரு தாளும் இல்லை என்பது சிறிய துயரமன்று.

இத்தகையோரிடம் நாம் முதலில் கேட்பது, "அவர் எந்தப் பள்ளியில் பயின்றார்?" என்பதே. வீட்டில் இருந்த படம் ஒரே படி. அது போனால் போனதுதான். பள்ளி ஆண்டுமலரோ அச்சேறிப் பல வீடுகளுக்குச் சென்றது. ஒரு வீட்டில் அழிந்தாலும் வேறொரு வீட்டுப் பரணில் கிடக்கக்கூடும். கால்பந்தாட்டக் குழு, மாணவர் மன்றம், விடுதி மாணவர், மரியாயின் சேனை என்று படங்கள் வரிசையாக இருக்கும். கீழே, "நிற்போர், இடமிருந்து வலமாக" என்று தொடங்கி, "அமர்ந்திருப்போர்", "படத்தில் இல்லாதோர்" என்பது வரை பெயர்கள் இருக்கும். படமே இல்லாத பிள்ளையும் பரிசுபெற்றோர் பட்டியலிலோ தேர்வில் வென்றோர் பட்டியலிலோ அகப்படலாம்.

ஆனால் இம்மலர்களை நூலகத்தில் தேடுவது எளிதன்று. "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று அட்டையில் அச்சிடப்பட்டவை பல. ஆகவே பொது நூலகங்களுக்கு அவை சென்றதே குறைவு. சென்றவையும் நூற்பட்டியலில் இராமல் பருவ இதழ்ப் பட்டியலில், பள்ளியின் பெயரின்கீழ் இருக்கும். மாணவரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் நூலகர் கைவிரிப்பார். பள்ளியின் பெயரையும் ஆண்டையும் சொல்லிக் கேட்க வேண்டும். பள்ளியின் பெயர் இடையில் மாறியிருக்குமாயின் பழைய பெயரையும் சொல்லுதல் நன்று.

யாழ்ப்பாணத்தார்க்கு வேறொரு இழப்பும் உண்டு. 1981-ஆம் ஆண்டில் தீயிடப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அதன்பின் எஞ்சியவற்றையேனும் காக்க வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் வலுத்தது. 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்துத் தமிழ் ஏடுகளைப் படியெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்துவருகிறது. பாடசாலை மலர்களும் அவற்றுள் உண்டு. ஆண்டு சரியாகத் தெரியாவிடில் முன்னும் பின்னும் ஐந்தாண்டு மலர்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி. அலுப்பான வேலைதான். ஆயினும் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது ஒரு மாலைப்பொழுதுக்கு நல்ல வேலை.

1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திற்குப் பின் அமெரிக்கா சென்று பயின்ற உறவினரைத் தேடுவோர்க்குச் சிரமம் குறைவு. அந்நாட்டு ஆண்டுமலர்களில் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிப்படம் இடும் வழக்கம் உண்டு. 1978-க்கு முன் அங்கு பதிப்புரிமைக் குறிப்பு இன்றி வெளியானவற்றுக்குப் பெரும்பாலும் உரிமைத் தடை கிடையாது. ஆதலால் நூலகங்கள் துணிந்து படியெடுக்கின்றன. வட கரோலினாவில் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மின்மரபு மையம் அம்மாநில நூலகங்களின் மலர்களை அவ்வாறே வெளியிட்டிருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலும் ஏராளம் உண்டு. ஆன்செஸ்ட்ரி என்னும் நிறுவனம் கட்டணம் பெறும். ஆனால் அங்குள்ள பொது நூலகங்கள் பலவற்றில் அமர்ந்து அதை இலவசமாகப் பார்க்கலாம். காசு கட்டுமுன் அங்கிருக்கும் உறவினரை நூலகத்திற்கு அனுப்புக.

இணையத்தில் பெயரை இட்டுத் தேடுவோர் நம் பெயர்களின் போக்கை அறிந்திருக்க வேண்டும். வீட்டில் அருளப்பன், பள்ளியில் ஜான். வீட்டில் இராயப்பன், பள்ளியில் பீட்டர். சூசை என்பதை ஆங்கிலத்தில் இரண்டு 'ஓ' இட்டும் எழுதுவர், 'யு' இட்டும் எழுதுவர். முதலெழுத்துத் தந்தையின் பெயருக்கா ஊருக்கா என்பதும் வீட்டுக்கு வீடு வேறுபடும். பெண்களைக் கணவர் பெயரோடு தேடினால் ஒருபோதும் கிடைக்காது. மணத்திற்கு முன் இருந்த பெயரே மலரில் இருக்கும். கணிப்பொறி பழைய அச்சைப் பிழையாகப் படிப்பதும் உண்டு. எனவே பெயர் அகப்படவில்லை என்பதால் ஆள் இல்லை என்று முடிவு கட்டலாகாது.

இதனோடு தொடர்புடைய ஒன்று. மரபுவழி தேடித் தரும் தளங்களுள் பெரியதான ஃபேமிலிசெர்ச், மார்மோன் சபையினருடையது. இறந்தோர்க்குப் பதிலாள் வழியாகத் திருமுழுக்குத் தரும் வழக்கம் அவர்களிடம் உண்டு. அதனால் குருக்களுக்கான திருப்பேராயம் 2008-இல் ஆயர் பேரவைகளுக்கு மடல் எழுதி, பங்குப் பதிவேடுகளை அவர்கள் படியெடுக்க இசைய வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டது. அம்மடல் பேசுவது நம் ஏடுகளைக் கொடுப்பது பற்றியே. பள்ளி மலர்களைப் பற்றியன்று. திருமுழுக்குச் சான்று தேவைப்படுவோர் தத்தம் பங்கு அலுவலகத்தையே அணுகுக.

இனி, மலர்களைக் கையில் வைத்திருப்போர்க்கு. பள்ளி நூற்றாண்டு விழாவின்போது அலமாரியை ஒழித்துப் பழையனவற்றை எடைக்குப் போடும் வழக்கத்தை நாம் கண்டிருக்கிறோம், பார்க்கப் பொறுக்கவில்லை. கறையானும் பூச்சியும் அரித்தது போக மிஞ்சிய ஒரே படியை யாருக்கும் முழுதாகக் கொடுத்துவிட வேண்டாம். படியெடுக்க இரவல் கொடுத்து, திரும்பப் பெறும் நாளை எழுதி வாங்குங்கள். கைப்பேசியால் எடுப்பதானால் பகல் வெளிச்சத்தில், விளக்கொளி பாய்ச்சாமல், முதலில் ஆண்டு தெரியும் அட்டையை எடுங்கள்; அட்டை போயிற்றென்றால் தலைமையாசிரியர் அறிக்கையில் ஆண்டு கிடைக்கும். உயிரோடிருப்போரின் பிறந்த தேதியும் முகவரியும் உள்ள பக்கங்களை ஊரறியப் பரப்ப வேண்டாம். பெயர் அச்சிடாத படங்களை முதல் வேலையாக எண்பது வயதைக் கடந்தோரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர்கள் சொல்லும் பெயர்களைத் தனித்தாளில் எழுதி, அதே பக்கத்தில் செருகி வையுங்கள்.