வேலை நம்முடையது, கையெழுத்து யாருடையது?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. மராத்தியர் காலப் படைத்தளங்களாக அறிவிக்கப்பட்ட 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றுதான். இனி இங்கே தங்கும் விடுதிகள் வரும், உணவகங்கள் வரும், கடைத்தெரு நீளும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் கொத்தனார், தச்சர் போல வயரிங் செய்பவரும் வேண்டும். அந்த வேலை யாருக்குக் கிடைக்கும், எந்தத் தகுதியில் கிடைக்கும் என்பதுதான் நம் கேள்வி.

பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பட்டியல் சாதியினர் ஏறக்குறைய 29 சதவீதம். மாநில அளவு 20 சதவீதம். செஞ்சி, மேல்மலையனூர் பக்கத்து ஊர்களில் பத்தாம் வகுப்போடு நின்ற, ஐ.டி.ஐ. முடித்த நம் பிள்ளைகள் பலர் வயரிங் வேலையில்தான் இருக்கிறார்கள். சுவரில் காடி வெட்டுவது, பைப் பதிப்பது, கம்பி இழுப்பது, எர்த்துக்குக் குழி தோண்டுவது எல்லாம் அவர்கள்தான். ஆனால் வேலை முடிந்ததும் அரசுக்குக் கொடுக்கும் காகிதத்தில் அவர்கள் பெயர் இருப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பல்பு மாற்றலாம், மின்விசிறி மாற்றலாம், ஃபியூஸ் போடலாம், பழுதான சுவிட்சைக் கழற்றி வேறு போடலாம். இவற்றுக்கு உரிமம் தேவையில்லை. மற்றபடி ஒரு வீட்டில் புதிதாக வயரிங் செய்வதோ, இருப்பதை விரிவாக்குவதோ, மாற்றுவதோ அரசு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில், அனுமதி பெற்ற பணியாளரால்தான் நடக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இது இருந்தது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் இதையே வலியுறுத்தின.

தமிழ்நாட்டில் இந்த உரிமத்தையும் சான்றுகளையும் வழங்குவது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். ஒப்பந்ததாரர் உரிமத்தில் இஎஸ்ஏ, இஏ, இஎஸ்பி, இபி என நான்கு தரங்கள் உண்டு. அவற்றில் கடைசிப் படி இபி. உரிமம் கேட்பவரிடம் சான்று பெற்ற ஆட்கள் இருக்க வேண்டும். மெக்கர், எர்த் டெஸ்டர் போன்ற சோதனைக் கருவிகளும் இருக்க வேண்டும்.

புதிய மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது, வயரிங் முடிந்தது, சோதித்துப் பார்த்தாயிற்று என்று உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட அறிக்கை தர வேண்டும். “இந்த வீடு பாதுகாப்பானது, அதற்கு நான் பொறுப்பு” என்பதே அந்தக் கையெழுத்தின் பொருள்.

வாடகைக் கையெழுத்து

நடைமுறை எப்படி இருக்கிறது என்பது ஊரறிந்த செய்தி. வேலை செய்தவர் ஒருவர், கையெழுத்திடுபவர் வேறொருவர். உரிமம் உள்ளவர் வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல், ஒரு தொகை வாங்கிக்கொண்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். எல்லோரும் அப்படியல்ல. ஆனாலும் இந்த வழக்கம் பரவலாக இருக்கிறது.

இதனால் மூன்று இழப்புகள். முதலாவது பணம். வெயிலில் நின்று வேலை செய்தவர் தன் கூலியிலிருந்து கையெழுத்துக்குப் பங்கு கொடுக்கிறார். இரண்டாவது பாதுகாப்பு. மெக்கர் வைத்துப் பார்க்காமல், எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்காமல் போடப்படும் கையெழுத்து யாருடைய உயிரையும் காக்காது. அரசு உதவியில் கட்டிய சிறிய வீட்டில், எர்த் சரியில்லாத கிரைண்டரிலோ தண்ணீர் மோட்டாரிலோ கை வைத்தால் நொடியில் உயிர் போகும். மூன்றாவது பொறுப்பு. வேலையின்போது அடிபட்டால், “நீ யாரிடம் வேலை செய்தாய், என்ன சான்று வைத்திருக்கிறாய்?” என்ற கேள்விதான் முதலில் வரும். எழுத்தில் பெயர் இல்லாதவருக்கு இழப்பீடு கேட்பதே பெரும்பாடு.

இதில் சாதி எங்கே வருகிறது?

வயரிங் வேலை புதிய தொழில். குலத்தொழில் பட்டியலில் அதற்கு இடமில்லை. அதனால் சாதிக்கு அப்பாற்பட்டது என்று தோன்றலாம். ஆனால் வயரிங் செய்பவர் வீட்டுக்குள் போயாக வேண்டும். சமையலறைக்கும் பூஜை அறைக்கும் போக வேண்டும். தெரு விளக்கு, பந்தல் விளக்கு, வயல் மோட்டார் என்று வெளிவேலைக்குக் கூப்பிடும் வாய், வீட்டு வேலைக்கு வேறு ஆளைத் தேடுவதை நாம் கிராமங்களில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதைவிட நுட்பமான தடை ஒன்றும் இருக்கிறது. ஐ.டி.ஐ. படிக்காமல் கைவேலையாகக் கற்றவர்களுக்கு, மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்ற வழியை அரசு வைத்திருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதை நடத்துகிறது. வயரிங்கில் குறைந்தது 5 ஆண்டு அனுபவமும் 21 வயது நிறைவும் வேண்டும். நல்ல வழிதான். ஆனால் அந்த 5 ஆண்டு அனுபவத்தை ஒருவர் எழுதித் தர வேண்டுமே. அந்தப் பேனா உரிமம் உள்ளவர் கையில் இருக்கிறது. உறவுக்காரப் பையனுக்கு உடனே எழுதித் தருபவர், சேரிப் பையனுக்கு “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்கிறார். சான்று வாங்கிவிட்டால் அவன் தனியாகத் தொழில் தொடங்கிவிடுவான் என்ற கணக்கும் இதில் உண்டு.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். வயரிங் தொழிலில் அந்தப் பிரிவு, கம்பி இழுக்கும் கை, கையெழுத்துப் போடும் கை என்று வேறு உருவம் எடுத்திருக்கிறது. அம்பேத்கருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள தொடர்பு மாணவர்கள் பலருக்குத் தெரியாது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. போருக்குப் பிந்தைய மின்வளர்ச்சிக்கான கொள்கைக் குழுவுக்கு 1943இல் அவரே தலைமை வகித்தார். மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்காமல் தொழில் வளராது, வறுமை தீராது என்பது அவர் வாதம்.

இங்கிலாந்தில் எப்படி?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஜனவரி முதல் வீட்டு வயரிங் கட்டட விதிகளுக்குள் வந்தது. அங்கே அரசு ஏற்ற அமைப்பு ஒன்றில் பதிவு செய்துகொண்ட எலக்ட்ரீஷியன், தான் செய்த வேலைக்குத் தானே சான்றளிக்கலாம். உள்ளாட்சி அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். ஆனால் அந்த உரிமை சும்மா வருவதில்லை. மதிப்பீட்டாளர் நேரில் வந்து, அவர் செய்து முடித்த வேலைகளைப் பார்க்கிறார். சோதனைக் கருவிகளையும் காப்பீட்டையும் சரிபார்க்கிறார். பிறகும் அவ்வப்போது வந்து பார்க்கிறார். அதாவது வேலையைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். இங்கே நாம் கேட்பதும் அதுதான்.

என்ன செய்யலாம்?

மாணவர்களுக்கு முதலில். எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவிலும், பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் எலக்ட்ரீஷியன் பிரிவிலும் சேரலாம். இரண்டும் 2 ஆண்டுப் படிப்பு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. பெண் பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் செய்த வேலைக்குக் கணக்கு வையுங்கள். எந்த ஊர், எந்த வீடு, எந்தத் தேதி, யாருக்குக் கீழ் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். தகுதிகாண் தேர்வு அறிவிப்பு வரும்போது அருகில் உள்ள அரசு ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள். தனியாகத் தொழில் தொடங்கும் நிலைக்கு வந்தவர்கள் தாட்கோவை அணுகலாம். அங்கே தொழில் முனைவோருக்கு 35 சதவீத மானியமும் வட்டிச் சலுகையும் உண்டு. சோதனைக் கருவிகள் வாங்க அந்தக் கடனைக் கேளுங்கள்.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. அனுபவத்தை ஒப்பந்ததாரர் ஒருவர் மட்டுமே உறுதிசெய்யும் நிலை மாற வேண்டும். ஐ.டி.ஐ. பயிற்றுநர் முன்னிலையில் செய்து காட்டினால் அதையும் சான்றாக ஏற்க வேண்டும். செஞ்சியிலிருந்து கிண்டி சுமார் 150 கிலோமீட்டர். ஒரு நாள் கூலியை இழந்து அங்கே போகச் சொல்வதற்குப் பதில், வட்டத் தலைநகரிலேயே பதிவு முகாம் நடத்த வேண்டும். கலைஞரின் கனவு இல்லம் போன்ற திட்டங்களில் ஊருக்கு ஊர் வீடுகள் எழும்புகின்றன. ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் கட்டும் வீடுகளுக்கு, அதே ஊரின் சான்று பெற்ற இளைஞர்களை வயரிங் வேலைக்கு அமர்த்த வேண்டும். முடிந்த வீடுகளில் சிலவற்றையாவது அதிகாரி நேரில் சோதிக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் சலுகை அல்ல. விதியில் உள்ளதை உள்ளபடி நடத்தச் சொல்கிறோம். கம்பி இழுத்தவரே சோதித்து, அவரே கையெழுத்துப் போடும் நாளில் கூலியும் உயரும், மின்விபத்தும் குறையும். அது சேரிக்கு மட்டுமல்ல, ஊருக்கும் நல்லது.