வால்வைக் கையால் தொட்டுப் பார்க்க ஆள் வேண்டும்

"மாசு அளவெல்லாம் ஆன்லைனில் ஏறுகிறதே, இனி இன்ஸ்பெக்டர் எதற்கு? வந்தால் மாமூல் வாங்கிக்கொண்டு போவார், அவ்வளவுதானே!" மணலி டீக்கடையிலும் இதைக் கேட்கலாம், தொழிலதிபர்களின் மாநாட்டு மேடையிலும் கேட்கலாம். வடசென்னையின் உயிரோடு விளையாடும் பேச்சு இது.

புகைபோக்கியில் உள்ள கருவி, அதன் வழியே எவ்வளவு கந்தக டை ஆக்சைடு போகிறது என்று சொல்லும். கழிவுநீர்க் குழாயில் உள்ள கருவி அந்தக் குழாயின் கதையைச் சொல்லும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் வந்தது அந்த வழிகளிலா? மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவன வளாகத்தில் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதாமல், தேங்கிய எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அடித்துச் செல்லப்பட்டது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. எர்ணாவூரில் வீட்டுக்குள் எண்ணெய் புகுந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் மீனவர்கள் பக்கெட்டால் அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி இரவு, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மக்கள் நெடி தாங்காமல் தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

எண்ணெய் டாங்கைச் சுற்றி, கசிவைத் தடுக்க ஒரு டைக் சுவர் இருக்கும். அதன் வடிகால் வால்வு எப்போதும் மூடியிருக்க வேண்டும். உள்ளே மழைத்தண்ணீர் நின்றால், மேலே எண்ணெய் படர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் திறக்க வேண்டும். துருப்பிடித்துப் பாதி திறந்தே கிடக்கும் வால்வைப் புகைபோக்கிக் கருவி காட்டிக்கொடுக்காது. சேற்றில் இறங்கி, சக்கரத்தைத் திருகிப் பார்க்கும் பொறியாளர்தான் கண்டுபிடிப்பார்.

2009இல் ஜெய்ப்பூர் இந்தியன் ஆயில் கிடங்கில் பெட்ரோல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பீறிட்டது. 11 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்தே வால்வை மூடும் வசதி 2003 முதலே செயலிழந்து கிடந்ததாக விசாரணைக் குழு கண்டது. ஆறு ஆண்டுகள்! யாராவது ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று எழுதி, சரிசெய்யும்வரை விடாமல் நின்றிருக்க வேண்டும்.

மாமூல் வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களைச் சிறைக்கு அனுப்புங்கள். அதற்காக இன்ஸ்பெக்டர் வேலையையே ஒழித்தால் யாருக்கு லாபம்? நேர்மையாக எழுதும் பொறியாளருக்கு முதுகெலும்பு தருவது, உற்பத்தியைக் கவனிக்கும் துறையின் பிடிக்கு வெளியே இருக்கும் அமைப்புதான். 1988இல் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் மாண்ட பிறகு, பாதுகாப்புக் கண்காணிப்பை எரிசக்தித் துறையிடமிருந்து பிரித்தெடுத்தது பிரிட்டன். இங்கே 1986இல் அமைந்த எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் இன்றும் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழேதான்; இந்தியன் ஆயிலும் அதே அமைச்சகத்தின் கீழ்தான். உற்பத்தியைக் கூட்டச் சொல்லும் வாயே நிறுத்தவும் சொல்லுமா?

1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன்னில் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலை இன்று 1 கோடியே 5 லட்சம் டன் திறன் கொண்டது. இதற்கு ஏற்றபடி பொறியாளர்களை நியமிக்க வேண்டும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் மணலியின் ஒவ்வொரு மழைநீர் மதகையும் அவர்கள் நடந்து பார்க்க வேண்டும். அவர்கள் எழுதும் அறிக்கையைத் தமிழில், எண்ணூர்க் குப்பங்களில் ஒட்ட வேண்டும்.